நாட்பட்ட ஒற்றைத் தலையிடிக்குப் புதிய சிகிச்சை: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்கிருந்து தொடங்குவது?

கிளினிக் கொப்பியில் “க்ரொனிக் மைக்ரேன்” என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினால் போட்டொக்ஸ், மாதம் ஒருமுறை போடும் ஊசி, நெற்றியில் ஒட்டும் கருவி, மூலிகைப் பொடி என்று வரிசையாக வரும். கனடாவில் இருக்கும் சித்தி ஒன்றைச் சொல்லுவா, பக்கத்து வீட்டு மாமி வேறொன்றைச் சொல்லுவா. வலியில் கிடக்கிறவர் யார் எதைச் சொன்னாலும் செய்து பார்க்கத்தான் நினைப்பார். எனக்கும் இந்த வியாதிதான் என்பதால் அந்த அவதி தெரியும். இப்போதுதான் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டு, அடுத்து என்ன செய்வது என்று நிற்கிறவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். புதிய சிகிச்சை எதுவானாலும், தொடங்குமுன் அதற்கு ஒரு தவணை குறியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நடப்பதை எழுதி வையுங்கள். இவை மூன்றும் இல்லாவிட்டால் நல்ல மருந்தையும் “சரிவரவில்லை” என்று பாதியில் விட்டுவிடுவோம். பலனில்லாத மருந்தைக் காசு கொடுத்து வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டும் இருப்போம். மருந்தையும் அதன் அளவையும் தீர்மானிப்பது உங்கள் டொக்டர். அதற்கு அவருக்கு வேண்டிய விபரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

முதலில், இது மைக்ரேன்தானா?

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி, அதில் குறைந்தது 8 நாள் மைக்ரேன் குணத்தோடு, 3 மாதத்துக்கு மேல் இப்படியே தொடர்ந்தால் அதை நாட்பட்ட மைக்ரேன் என்று கணிப்பார்கள். மைக்ரேன் குணம் என்றால் ஒரு பக்கம் விண்விண் என்று இடிப்பது, நடந்தாலோ படி ஏறினாலோ கூடுவது, ஓங்காளம், சத்தி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் இருட்டறையைத் தேடுவது. சிலருக்கு இடி தொடங்குமுன் கண்ணில் நெளிநெளியாக ஒளிக்கோடு ஓடும், அல்லது பார்வையில் ஒரு துண்டு மறையும். 5 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை இருந்துவிட்டுப் போய்விடும். இது உங்களுக்கு வருகிறதா என்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கருத்தடைக் குளிசை பாவிக்கும் பெண்கள் மறக்கவே கூடாது: ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசையும் ஒளிக்கோட்டு மைக்ரேனும் சேரும்போது பாரிசவாத ஆபத்துக் கூடுகிறது.

வேறு சில தலையிடிகளுக்குக் கொப்பியும் வேண்டாம், தவணையும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறும், வாழ்க்கையில் கண்டிராத இடி, ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது, பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, வலிப்பு வருவது, தலையில் அடிபட்ட பிறகு தொடங்கியது, 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாக வந்தது, கர்ப்ப காலத்தில் அல்லது பிள்ளை பிறந்த கிழமைகளில் புதிதாக வந்தது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எங்கள் பகுதிக்கென்றே இன்னொன்று சொல்ல வேண்டும். மாரி மழை விட்டதும் டெங்கு வரும். வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும். இரண்டிலும் தலையிடி கடுமையாக இருக்கும். மைக்ரேன்காரர் “வழமையான இடிதானே” என்று நினைத்து இபுபுரூஃபனோ டைக்ளோஃபெனக்கோ அஸ்பிரினோ போட்டுவிடுவார். டெங்கில் இவை இரத்தக்கசிவைக் கூட்டும். ஆகவே தலையிடியோடு காய்ச்சலும் இருந்தால் பரசிற்றமோல் தவிர வேறொன்றையும் தொடாமல் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கொப்பி

எந்தச் சிகிச்சையையும் தொடங்குமுன் குறைந்தது ஒரு மாதக் கணக்குக் கையில் இருக்க வேண்டும். கைபேசிச் செயலி இருக்கிறதுதான். ஆனால் இடிக்கும்போது திரையின் வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. 40 பக்கக் கொப்பியும் பேனையும் தலையணைக்குப் பக்கத்தில் கிடப்பதே வசதி.

நீட்டி எழுத வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவரின் கொப்பி இப்படி இருக்கும்:

“செவ்வாய். விடிய வலப்பக்கம். 10க்கு 7. சத்தி ஒருதரம். பனடோல் 2, பிறகு 2. நேற்று இரவு நித்திரை இல்லை. புதன். மந்தமான வலி, 3. குளிசை இல்லை. வியாழன். இல்லை. வெள்ளி. பின்னேரம், 8. சமைக்கவில்லை. டைக்ளோஃபெனக் 1. மாதவிலக்கு முதல் நாள்.”

இவ்வளவுதான். மாத முடிவில் இதிலிருந்து மூன்று எண்ணிக்கை எடுங்கள்: தலையிடி இருந்த நாட்கள், வேலை செய்ய முடியாமல் படுத்த நாட்கள், குளிசை போட்ட நாட்கள். இந்த மூன்றையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மாதம் மாதமாக எழுதுங்கள். டொக்டர் பார்க்கப் போவது அந்தப் பக்கத்தைத்தான். அம்பாறையில் சிங்கள டொக்டரிடம் காட்டும்போதும் இலக்கங்களாக இருந்தால் அவர் தானே வாசித்து விளங்கிக்கொள்வார்.

தூண்டும் காரணங்களையும் குறிக்கலாம். கச்சான் காற்று அடிக்கிற வெக்கை நாட்கள், பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது வாவித் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடிக்கும் வெயில், வெள்ளாமை வெட்டுக் காலத்துத் தூசி, மிளகாய் வறுக்கிற புகை, கோயில் ஒலிபெருக்கி, பிந்திய சாப்பாடு, குறைந்த நித்திரை, நித்திரை கூடினாலும்தான். விரதம் பெரிய காரணம். கந்தசஷ்டியானாலும் ரமழான் நோன்பானாலும் முதல் சில நாள் பலருக்கு இடிக்கும். பசியும் தண்ணீர்க் குறைவும் ஒரு பங்கு, காலைத் தேத்தண்ணியோ கோப்பியோ நின்றுபோவது இன்னொரு பங்கு. நோன்புக்கு இரண்டு கிழமை முன்பிருந்தே தேத்தண்ணியைப் படிப்படியாகக் குறைத்து வந்தால் இந்த இடி தணியும். தினமும் போடும் குளிசையைச் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றலாமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். “தக்காளி கூடாது, கருவாடு கூடாது, தயிர் கூடாது” என்று ஒருவர் சொல்ல ஒருவர் சொல்ல எல்லாவற்றையும் விட்டுவிட்டு எலும்பும் தோலுமாகப் போன பெண்களைக் கண்டிருக்கிறேன். மைக்ரேன் பல மணித்தியாலத்துக்கு முன்பே மூளையில் தொடங்கிவிடும். கொட்டாவி, கழுத்து இறுக்கம், இனிப்பு ஆசை எல்லாம் அந்த நேரத்தில் வருபவை. சொக்கிலேற் சாப்பிட்டதால் இடித்தது என்று நாம் நினைப்பது பல நேரம் இடி தொடங்கியதால் வந்த ஆசைதான். கொப்பியில் பல தடவை ஒரே மாதிரி வந்தால் மட்டும் ஓர் உணவைச் சந்தேகியுங்கள்.

குளிசை எண்ணிக்கை

இதைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். புதிய சிகிச்சை தோற்றுப்போவதற்கு நான் கண்ட மிகப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது.

வலிக்குளிசையே தலையிடியை உண்டாக்கும். மைக்ரேன் உள்ளவர் பரசிற்றமோல், இபுபுரூஃபன் போன்ற சாதாரண வலிக்குளிசையை மாதத்தில் 15 நாளோ கூடவோ, அல்லது சுமட்ரிப்டான், எர்கொட்டமின், கொடீன், ட்ரமடோல், இரண்டு மூன்று மருந்து கலந்த குளிசை போன்றவற்றை 10 நாளோ கூடவோ, 3 மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், இடி நாளுக்கு நாள் கூடி, கிட்டத்தட்ட தினசரி வியாதியாகிவிடும். எத்தனை குளிசை என்பதைவிட எத்தனை நாள் என்பதே இங்கே கணக்கு. தினமும் விடிய ஒரு பனடோலும் ஒரு பிளேன்ரீயும் குடித்தால்தான் வேலை ஓடும் என்கிறவர் இந்த வட்டத்துக்குள் இருக்கக்கூடும்.

எங்கள் ஊர்ப் பாமசியில் நடப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “தலையிடிக்கு ஏதும் தாங்க” என்று கேட்டால் இரண்டு மூன்று நிறக் குளிசைகளைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே காலைக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று கோடு போட்டுத் தருவார்கள். உறையில் பெயர் இருக்காது. உள்ளே ட்ரமடோல் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. உறையை வாங்கும்போதே “பெயரையும் மில்லிகிராமையும் எழுதித் தாங்கோ” என்று கேளுங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தில் வாங்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது அந்த உறைகளையும் வெற்று அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

எண்ணிக்கை கூடியிருந்தால் குறைப்பதுதான் முதல் “புதிய சிகிச்சை”. சாதாரண வலிக்குளிசையையும் சுமட்ரிப்டான் போன்றவற்றையும் ஒரேயடியாக நிறுத்தலாம். கொடீன், ட்ரமடோல் போன்றவற்றை டொக்டரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்தியதும் 2 நாளிலிருந்து 10 நாள் வரை இடி, சத்தி, நித்திரையின்மை, எரிச்சல் எல்லாம் கூடும். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயந்து திரும்பவும் குளிசைக்கு ஓட மாட்டோம். நாள் பார்த்துத் தொடங்குங்கள்: பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லாத, வெள்ளாமை வெட்டு இல்லாத, மாமாங்கத் திருவிழா இல்லாத இரண்டு கிழமை. சமையலை யார் பார்ப்பது என்று வீட்டில் பேசி வையுங்கள். அந்த நாட்களைச் சமாளிக்கச் சத்திக்கு மருந்தும், இடைக்கால உதவி மருந்தும் டொக்டர் தர முடியும். தடுப்பு மருந்தையும் இதனோடேயே தொடங்குவதுண்டு.

அதன் பிறகு வலிக்குளிசை கிழமைக்கு 2 நாளுக்கு மேல் வேண்டாம். ஆனால் போடுகிற நாளில் தயங்காமல், இடி தொடங்கியவுடனே, டொக்டர் சொன்ன முழு அளவைப் போடுங்கள். மைக்ரேன் நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும் என்பதால் டொம்பெரிடோன் போன்ற சத்தி மருந்தைச் சேர்த்துத் தந்தால் குளிசை நன்றாகப் பிடிக்கும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 8க்கு மேல் போகக் கூடாது.

எங்கே போவது, என்ன சொல்வது

அரச வைத்தியசாலையில் இது இலவசம் என்பதை மறக்க வேண்டாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை, கல்முனையில் இரண்டு வைத்தியசாலைகள், களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகள் என்று எங்கள் பகுதியில் இருக்கின்றன. பக்கத்தில் உள்ளதன் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், பொது வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டியிருந்தால் அவரே எழுதித் தருவார். பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் பஸ்ஸில் குலுங்கிப் போவதே சிலருக்கு இடியைக் கொண்டுவரும். முதல் மருந்துகளை ஆதார வைத்தியசாலையிலேயே தொடங்க முடியும் என்பதால் அங்கிருந்து ஆரம்பிப்பதே புத்தி. சனல் பண்ணிப் பார்க்கிறவர்களும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய், இரண்டு இடத்து மருந்தும் ஒரே கொப்பியில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் நாளில் விடிய வெள்ளனப் போய் வாங்கில் காத்திருக்க வேண்டிவரும். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கடிக்க ஏதாவது கட்டாயம். டொக்டரோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். அதற்குள் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். “டொக்டர், போன மாதம் 19 நாள் தலையிடி, 9 நாள் படுத்துட்டன், 14 நாள் குளிசை போட்டிருக்கிறன். எனக்கு ஆஸ்துமா இழுப்பு இருக்கு. அடுத்த வருஷம் பிள்ளை ஒன்று எடுக்க யோசிக்கிறம்.” இவ்வளவு சொன்னாலே அவர் எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். “சரியான தலையிடி டொக்டர், தாங்கேலாது” என்று மட்டும் சொன்னால் போன முறை தந்த மருந்தே திரும்பவும் கிடைக்கும்.

பழைய மருந்துதான், ஆனால் உங்களுக்குப் புதிது

இடி வந்த பிறகு போடுவது ஒரு வகை. வராமல் தடுக்கத் தினமும் போடுவது இன்னொரு வகை. நாட்பட்ட மைக்ரேனுக்குத் தடுப்பு மருந்து வேண்டும். இங்கே முதலில் கிடைக்கக்கூடியவை வேறு வியாதிகளுக்காக வந்து, மைக்ரேனுக்கும் உதவும் என்று பிறகு தெரியவந்தவை.

அமிட்ரிப்டிலின் இரவில் போடுவது, பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்கும். நித்திரை குறைந்தவர்களுக்கு நல்லது. வாய் உலரும், காலையில் மந்தம் இருக்கும், நிறை கூடலாம். இது மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்து என்பதால், யாராவது பெயரைத் தேடிப் பார்த்து “உங்களுக்கு மன வியாதிக்கு மருந்து தந்திருக்கிறாங்க” என்று சொல்லப் போய், பலர் அன்றைக்கே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்த வேண்டாம். மைக்ரேனுக்குக் கொடுக்கும் சிறிய அளவு வலிப்பாதையைத் தணிப்பதற்கு. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவரும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புரோப்பிரனலோல் இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுப்பது. இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. டோபிரமேட் வலிப்புக்கு வந்த மருந்து. நாட்பட்ட மைக்ரேனுக்கு நல்ல சான்று உள்ளது. விரல் நுனி கூசும், நிறை குறையும், வாய்க்கு வந்த சொல் மறந்துபோகும், சிலருக்குச் சிறுநீரகக் கல் வரும். அதனால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஃபுளுநரிசின் நித்திரையையும் நிறையையும் கூட்டும், சிலருக்கு மனதைச் சோரவைக்கும். இரத்த அழுத்த மருந்தான கண்டெசார்டனும் உதவும். டோபிரமேட்டும், வலிப்புக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வல்ப்ரோவேட்டும் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் இவற்றின் பெயரைக் கேட்டவுடன் தங்கள் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும், டொக்டர் கேட்காவிட்டாலும்.

ஒரு மருந்தை முழுதாகப் பார்ப்பது

தடுப்பு மருந்து இரண்டு நாளில் வேலை செய்யாது. டொக்டர் சொல்லும் அளவுக்கு மெதுமெதுவாக ஏற்றி, அந்த அளவில் 8 முதல் 12 கிழமை இருந்த பிறகுதான் தீர்ப்புச் சொல்லலாம். தொடங்கும் நாளில் கொப்பியில் இப்படி எழுதிவிடுங்கள்: மருந்தின் பெயர், தொடங்கிய திகதி, எந்தத் திகதியில் கணக்குப் பார்ப்பது, எந்தப் பக்கவிளைவு வந்தால் அதற்கு முன்பே டொக்டரிடம் போவது.

தவணை வந்ததும் பழைய மூன்று எண்ணிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்பட்ட மைக்ரேனில் தலையிடி நாட்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில் குறைந்தாலே அது நல்ல பலன். 20 நாள் 14 ஆவது ஒரு மாதத்தில் ஆறு நாள் திரும்பக் கிடைப்பது. முழுதாக நிற்கவில்லையே என்று அந்த மருந்தைக் கைவிடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

இந்தத் தவணைக்குள் வேறெதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். புது விதைநெல்லும் புதுப் பசளையும் ஒரே போகத்தில் போட்டவர், விளைச்சல் எதனால் கூடியது என்று எப்படிச் சொல்வார்? நேரத்துக்கு நித்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, கொஞ்ச நடை ஆகியவை இதில் சேராது. அவற்றை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் மருந்து கையிருப்பில் இல்லாமல் வெளியில் வாங்கச் சொன்னால், முடியும் என்றால் ஒரு கிழமை முன்பே வாங்கி வையுங்கள். அமிட்ரிப்டிலினையும் புரோப்பிரனலோலையும் திடீரென்று நிறுத்துவது உடம்புக்கு ஆகாது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனை பேர் பாமசி பாமசியாக அலைந்தோம் என்பது நினைவிருக்கும்.

ஒரு மருந்து சரிவராவிட்டால் அடுத்தது. இரண்டாவதோ மூன்றாவதோ பலனளிப்பது சாதாரணம்.

ஊசிகள்

தடுப்பு மருந்து இரண்டு மூன்றை முறையாகப் பார்த்தும் பலன் இல்லாவிட்டால் ஊசிகளைப் பற்றிக் கேட்கலாம்.

மிக எளிதானது தலையின் பின்பக்க நரம்பைச் சுற்றி மரக்கச்செய்யும் மருந்து போடுவது. சில நிமிட வேலை, செலவும் குறைவு, பலன் சிலருக்குக் கிழமைக்கணக்கில் நிற்கும். வலிக்குளிசையை நிறுத்தும் காலத்தைக் கடப்பதற்கும் உதவும். மற்ற ஊசிகளைப் பற்றி யோசிக்குமுன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

போட்டொக்ஸ் 2010இல் அமெரிக்காவில் நாட்பட்ட மைக்ரேனுக்கென அனுமதிக்கப்பட்டது. நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என்று 31 இடத்தில் மொத்தம் 155 அலகு, 12 கிழமைக்கு ஒருமுறை. முதல் சுற்றில் பெரிதாகத் தெரியாமல் இரண்டாவது, மூன்றாவது சுற்றில் பலன் தெரிபவர்கள் உண்டு. கழுத்து நோவும் இமை கொஞ்சம் சரிவதும் வந்து போகும். அழகு நிலையத்தில் போடும் ஊசியும் இதுவும் ஒன்றென்று நினைத்து அங்கே போக வேண்டாம். இடமும் அளவும் வேறு, மைக்ரேனுக்குப் போடப் பயின்ற டொக்டர்தான் போட வேண்டும்.

மைக்ரேனுக்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட தடுப்பு மருந்துகள் சீ.ஜி.ஆர்.பீ. ஊசிகள். சீ.ஜி.ஆர்.பீ. என்பது நரம்புகள் வெளிவிடும் ஒரு புரதம்; அதை மறிப்பதுதான் இந்த ஊசிகளின் வேலை. இடி நேரத்தில் இந்தப் புரதம் இரத்தத்தில் கூடுவதை 1990இல் ஆய்வாளர்கள் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் காட்டினார்கள். அவர்களுக்கும் வேறு இருவருக்கும் 2021இல் மூளை ஆய்வுக்கான பெரிய பரிசு கிடைத்தது. முதல் ஊசியான எரனுமாப் 2018இல் வந்தது. பிறகு ஃப்ரெமனெசுமாப், கல்கனெசுமாப், எப்டினெசுமாப். பெரும்பாலும் மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. அமெரிக்கத் தலையிடிச் சங்கம் 2024இல் இவற்றை முதல் வரிசை மருந்தாகவே ஏற்றுக்கொண்டது. அதே புரதத்தை மறிக்கும் ரிமெஜிபன்ட், அட்டோஜிபன்ட் போன்ற குளிசைகளும் இருக்கின்றன. நம்பிக்கை வைக்கக்கூடிய மருந்துகள்தான். விலையும் தொடர்ந்து கிடைப்பதும்தான் எங்களுக்குச் சிக்கல்.

லண்டனிலும் சுவிசிலும் இருக்கும் உறவுகள் அன்பினால் “நான் அனுப்புறன்” என்பார்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மாதத்துக்கு என்பதை. குறைந்தது 3 மாதம் போட்டால்தான் பலனைக் கணிக்க முடியும். பிடித்தால் அதற்கு மேலும் வேண்டும். ஓர் ஊசி மட்டும் வந்து நின்றுபோனால் காசும் வீண், மனமும் உடையும். இன்னொருவரின் பெயருக்கு எழுதிய ஊசியை வாங்க வேண்டாம். உங்கள் டொக்டர் பார்த்து மருந்துச் சீட்டும் கடிதமும் தந்து, இங்கே கொண்டுவருவதற்கான அனுமதியையும் விசாரித்த பிறகே அடுத்த பேச்சு.

கொழும்பில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஊசிகள் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸிலோ உதயதேவி ரயிலிலோ வரும்போது ஐஸ் பெட்டி வேண்டும், ஆனால் ஐஸ் நேரே படக்கூடாது. உறைந்துபோன ஊசியை எறிவதைத் தவிர வழியில்லை. வீட்டு ஃபிரிட்ஜில் கதவுத் தட்டில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். போடுவதற்கு அரை மணித்தியாலம் முன் வெளியே எடுத்துவிடுங்கள், குலுக்க வேண்டாம். எரனுமாப் மலச்சிக்கலைத் தரும், இரத்த அழுத்தத்தையும் கூட்டலாம். இந்த ஊசிகள் உடம்பில் பல மாதம் நிற்பதால், பிள்ளை பெற யோசிக்கிறவர்கள் அரை வருடத்துக்கு முன்பே டொக்டரிடம் பேச வேண்டும்.

நாட்டு வைத்தியமும் மற்றவையும்

சித்தாலேப பூசுவது, ஈரத்துணி போடுவது, பார்வை பார்ப்பது, தண்ணி ஓதிக் குடிப்பது இவற்றால் மனம் ஆறுகிறதென்றால் செய்யுங்கள். தைலத்தின் மணத்துக்கே தலை இடிக்கிறவர்கள் மட்டும் தள்ளி வையுங்கள். உள்ளே எடுக்கும் மருந்தில்தான் கவனம். பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போங்கள்; கிளினிக் குளிசைகளின் பெயரை அவரிடம் காட்டுங்கள்; அவர் தந்ததைக் கிளினிக்கில் சொல்லுங்கள். செந்தூரம், பற்பம் வகைகளில் உலோகம் சேரும் என்பதால் தயாரித்தது யார் என்று தெரியாமல் தொட வேண்டாம். பேஸ்புக்கில் “ஒரே மாதத்தில் நிரந்தரக் குணம்” என்று பெயரில்லாத பொடி விற்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மைக்ரேனைக் கட்டுப்படுத்தலாம், நிரந்தரமாக ஒழிக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. போட்டவுடன் அதிசயமாகக் கேட்கும் சில பொடிகளில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும்.

மக்னீசியமும் ரைபோஃபிளேவினும் சிலருக்குக் கொஞ்சம் உதவும். முதலாவது வயிற்றை இளக்கும், மற்றது சிறுநீரைக் கடும் மஞ்சளாக்கும், பயப்பட வேண்டாம். நெற்றியில் வைக்கும் மின்கருவிகள் வெளிநாட்டில் இருக்கின்றன; மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கு அது ஒரு வழி.

பலன் கிடைத்த பிறகு

தலையிடி குறைந்த இரண்டாம் மாதமே “எனக்குச் சுகம்” என்று மருந்தை நிறுத்துவது வழமையாக நடப்பது. 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் நிலைமை நன்றாக இருந்த பிறகு, டொக்டரோடு பேசி, மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம். குறைக்கும் மாதங்களிலும் கொப்பி தொடர வேண்டும். குறைப்பதையும் அமைதியான காலத்தில் வையுங்கள். கச்சான் காற்றும் நோன்பும் விரதமும் இல்லாத மாதமாக இருந்தால் நல்லது. எண்ணிக்கை திரும்ப ஏறினால் பழைய அளவுக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. எந்த மருந்து எந்த அளவில் எத்தனை மாதம் கேட்டது, எது கேட்கவில்லை, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். டொக்டர்கள் இடமாற்றம் பெற்றுப் போவார்கள், கிளினிக் கொப்பி மழையில் நனையும். புதிதாக வருகிறவர் உங்களை முதல் மருந்திலிருந்து திரும்பத் தொடங்கச் சொல்லாமல் இருக்க அந்த ஒரு பக்கம் வேண்டும். அதைக் கைபேசியிலும் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.